மதுக்கூடத்து மேடை

"பாடுவது குற்றமென்று நான் சொல்லவில்லை, ஐயா. அவனுக்குப் பாட வேறு இடமே கிடைக்கவில்லையா?"

வல்லத்திராக்கோட்டையிலிருந்து வந்திருந்த அந்தத் தாய் இப்படிக் கேட்டபோது உடனே விடை கூற எனக்கு வாய் எழவில்லை. குடியினால் கணவரை இழந்தவர் அவர். ஆடு வளர்த்தும், நூறு நாள் வேலைக்குச் சென்றும் படிக்க வைத்த ஒரே மகன் இன்று பெங்களூரில் பணியாற்றுகிறான். அவன் வாரந்தோறும் ஒரு மதுக்கூடத்தில் கித்தார் இசைத்துப் பாடுகிறான் என்ற செய்தி, உறவினர் வாயிலாக அவர் செவிக்கு எட்டிவிட்டது.

அன்பர்களே, நகரங்களில் இதற்கு 'ஓப்பன் மைக்' என்று பெயர். முன்னதாகப் பெயர் கொடுத்தவர் யாராயினும் மேடையேறி இரண்டு மூன்று பாடல்கள் பாடலாம். பெரும்பாலும் கூலி கிடையாது. எதிரே இருப்போர் உண்ணவும் குடிக்கவும் வந்தவர்கள். தெரிந்த சினிமாப் பாட்டுக்குக் கை தட்டுவர். பாடுகிறவன் தானே இயற்றிய பாட்டென்றால் பேச்சுச் சத்தம்தான் மிகும். அதையும் மீறி ஒரு மேசை அமைதியானால் அன்று அவனுக்கு வெற்றி.

நியூயார்க்கில் 'கெர்டீஸ் ஃபோக் சிட்டி' என்னும் மதுக்கூடத்தில் திங்கட்கிழமை இரவுகளில் இவ்வாறு மேடை திறந்திருந்தது. அங்கே பாடிப் பழகிய பாப் டிலன் என்ற இளைஞருக்கு 1961 ஏப்ரலில் அவ்விடத்திலேயே முறையான கச்சேரி வாய்த்தது. 2016இல் இலக்கிய நோபல் பரிசும் வந்தது. நாஷ்வில் நகரில் ஏமி கர்லண்ட் 1982இல் தொடங்கிய 'புளூபேர்ட் கஃபே'யிலோ, பாடலாசிரியர் பாடுகையில் பேசுவோரை 'உஷ்' என்று அடக்குவதே வழக்கம். நம் கல்யாண மண்டபங்களில் பாடுவோர் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவர்!

நம் நாட்டுக் கதை ஒன்றும் உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி, மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பலமுறை நாடினார். இலக்கணப் பிழைகளைக் கண்ட பிள்ளையவர்கள் நாள் கடத்தினார். ஒருநாள் அவர் உறங்கி எழும்வரை காத்திருந்த பாரதியார், திண்ணையில் அமர்ந்து தம் பாடலைத் தாமே பாடினார். உள்ளிருந்து கேட்டவர் மனம் உருகிப் பாயிரம் தந்தார் என்று உ.வே.சாமிநாதையர் எழுதியுள்ளார். ஏட்டில் பிழையாகத் தெரிந்தது, இயற்றியவர் குரலில் வேறொன்றாயிற்று.

மகனோடு தொலைபேசியில் பேசினேன். தான் குடிப்பதில்லை என்றான், நம்பினேன். ஆயினும், பாடியவனுக்குக் கூலிக்குப் பதில் கோப்பையை நீட்டும் இடங்களும் உண்டு என்று எச்சரித்தேன். பாடல்களைத் தேதியிட்டு எழுதி வைக்கவும் சொன்னேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு செய்யாவிடினும் பாட்டு இயற்றியவனுக்கே உரியது.

"நம் பக்கத்துத் திருவிழா மேடையில் பாடக்கூடாதா, தம்பி?"

"மூன்று வருஷத்துக்கு முன்பே கேட்டேன், ஐயா. சினிமாப் பாட்டென்றால் பாடு, சொந்தப் பாட்டை யார் கேட்பார் என்றார்கள்."

அவன் அனுப்பிய ஒலிப்பதிவைத் தாய்க்குப் போட்டுக் காட்டினேன். கடையில் விழுந்து கிடக்கும் தந்தையை அழைத்து வர இரவில் நடக்கும் ஒன்பது வயதுச் சிறுவனின் பாட்டு அது. இதைத்தான் குடிப்போர் நடுவே நின்று பாடியிருக்கிறான். அம்மையார் இருமுறை கேட்டார்.

"டார்ச்சுக்குக் கட்டை இல்லாத ராத்திரியைக்கூட மறக்கவில்லையே" என்றார்.

திருவிழாக் குழுவின் மறுமொழியை நான் சொன்னதும் அவர் முகம் மாறியது. சற்று நேரம் பேசவில்லை.

"அந்தக் குழுவில் என் தம்பியும் இருந்தான், ஐயா" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கடைசிப் பஸ்ஸுக்குள் போனால் இன்றைக்கே அவனைக் கேட்டுவிடலாம்."