கோயில் லெட்டர் கேட்டு வராதீர்கள்

கொஞ்சம் காரமாகத்தான் எழுதுகிறோம், கோவித்துக்கொள்ளாதீர்கள்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து அன்னதான வரிசை நகரும்போதே ஆரம்பித்துவிடுகிறது. "அண்ணே, பிள்ளை பார்க்க நல்ல ஆயாவா ஒருத்தர் இருந்தா சொல்லுங்க, லீவு முடியப் போகுது." கேட்பதில் தப்பே இல்லை. நம் நாட்டில் மகப்பேறு விடுப்பு 98 நாள்தான். அதன்பிறகு மூன்று மாதக் கைக்குழந்தையை யாரிடமாவது விட்டுத்தான் ஆக வேண்டும். அடுத்து வரும் கேள்விதான் எரிச்சல். "நெத்தி நிறைய விபூதியோட வாரம் தவறாம வர்றாங்களே ஓர் அம்மா, அவங்க ஓகேதானே?"

எங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் மடப்பள்ளியில் காய் நறுக்கியதைப் பார்த்திருக்கிறோம். மதியம் மூன்று மணிக்கு, பல் முளைக்கும் பிள்ளை விடாமல் அழும்போது என்ன செய்வார் என்று பார்த்ததில்லை. அது தெரிந்தவர், தன் பிள்ளையை அவரிடம் விட்ட தாய்தான். அந்தத் தாய்க்கு ஃபோன் போடுங்கள்.

போட்டதும் "நல்லவங்களா?" என்று கேட்காதீர்கள். நம் ஆட்கள் யாரும் அதற்கு இல்லை என்று சொல்ல மாட்டார்கள். எத்தனை மாதத்தில் விட்டீர்கள், அப்போது கூட எத்தனை பிள்ளைகள், காய்ச்சல் வந்தபோது உடனே கூப்பிட்டுச் சொன்னாரா, ஏன் நிறுத்தினீர்கள், அடுத்த பிள்ளையையும் அவரிடமே விடுவீர்களா? கடைசிக் கேள்விக்கு இழுத்தால் விடாமல் கேளுங்கள். கிடைத்த நம்பர் அந்த அம்மாவின் நாத்தனாருடையதாகவும் இருக்கலாம். இப்படித் துருவினால் உளறிவிடுவார். மாறாக, ஒருவர் குறை சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள், சம்பளத் தகராறாக இருக்கும். இரண்டு குடும்பத்தையாவது விசாரியுங்கள். அந்த அம்மாவுக்கும் பிழைப்பு இருக்கிறது.

குரூப்பில் ஒரு சிபாரிசு பார்த்தோம்: "ஆண்ட்டி தனியா ஆறு பேபி பார்க்கிறாங்க, ரொம்ப திறமை!" இதுவா திறமை? நான்கு பிள்ளைகளும் அதற்கு மேலும் கட்டணத்துக்குப் பார்த்தால், சொந்த வீடானாலும், 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜேகேஎம்மில் பதிய வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட 3 பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது தாஸ்காக்களுக்கான கணக்கு. பதிவு இருக்கிறதா என்று கேட்க ஏன் கூச்சம்?

இன்னொரு கூட்டம், "பாவம், கஷ்டப்படுற குடும்பம், கோயில் முத்திரை போட்டு நல்லவங்கன்னு ஒரு லெட்டர் கொடுங்க" என்று வருகிறது. கஷ்டம் என்றால் அரிசி கொடுப்போம், பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்குக் கேட்டுப் பார்ப்போம். பேசத் தெரியாத ஊரார் பிள்ளையைப் பணயம் வைத்துத் தர்மம் பண்ண எங்களால் முடியாது லா. நன்றாகப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கள், பழைய பெற்றோர் இரண்டு பேரிடம் சொல்லி அவர்கள் நம்பரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் லெட்டரைவிட அதுதான் உதவும்.

இனி முத்திரை போட்ட கடிதம் கிடையாது. குரூப்பில் சிபாரிசு செய்கிறவர்கள், உங்கள் பிள்ளை அவரிடம் இருந்ததா, எந்த வருஷம், எத்தனை மாதம் என்று சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் அட்மின் அழித்துவிடுவார்.