கடலின் ஏடுகளை எரித்தவர்கள்

கடல்கோள் என்ற சொல்லைக் கேட்டால் போதும், தமிழ் இலக்கிய உலகத்தின் குரல் தழுதழுத்துவிடுகிறது. இறையனார் களவியல் உரை சொன்ன முச்சங்கக் கதையில் தொடங்கி, கடல் நம் நூல்களையெல்லாம் விழுங்கிவிட்டதென்று மேடைதோறும் முழங்குகிறோம். அக்கதையின் மெய்பொய்யை ஆராய்வது இங்கே எங்கள் நோக்கமன்று. நாங்கள் கேட்பது வேறொன்று: நம் ஏடுகளைக் கடல் கொண்டதென்று அழுகிறோமே, கடலின் ஏடுகளை நாம் என்ன செய்தோம்?

இதை உவமையாகச் சொல்லவில்லை. பவள உயிரி கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தன் கூட்டைக் கட்டுகிறது. மன்னார் வளைகுடாவிலும் வாழும் போரைட்டிஸ் என்னும் பெரும்பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். அதை அறுத்து எக்ஸ்ரே எடுத்தால், மரத்தின் வளையங்களைப்போல் ஆண்டு வரிகள் தெரியும். பசிபிக்கின் எனிவெட்டோக் தீவுப் பவளங்களில் அணுகுண்டுச் சோதனைகள் விட்டுச்சென்ற கதிரியக்கத் தடத்தைக் கொண்டு, இவ்வரிகள் ஆண்டுக் கணக்கே என்று 1972இல் உறுதி செய்தார்கள். நீர் வெதுவெதுப்பாக இருந்த காலத்து வரியில் ஸ்ட்ரான்சியம் குறைந்திருக்கும். குளிர்ந்த காலத்தில் கூடியிருக்கும். வெப்பமானி இல்லாத நூற்றாண்டுகளின் கடல் வெப்பம் இவ்வாறு படிக்கப்படுகிறது.

வெயில் எட்டாத குளிர்ந்த ஆழத்திலும் பவளங்கள் உண்டு. அவற்றில் இத்தகைய தெளிவான ஆண்டு வரிகள் இல்லை. யுரேனியம் சிதைந்து தோரியமாகியிருக்கும் அளவைக் கொண்டு வயதைக் கணிக்கிறார்கள். அதனோடு கார்பன்-14 அளவை ஒப்பிட்டு, அந்நீர் கடற்பரப்பை விட்டு இறங்கி எவ்வளவு காலமாயிற்று என்றும் அறிகிறார்கள். சுமார் 15,400 ஆண்டுகளுக்கு முன் வட அட்லாண்டிக்கின் ஆழ்நீர் இரு நூற்றாண்டுக்கும் குறைவான காலத்தில் மாறிப்போனதை, 1998இல் வெளியான ஆய்வொன்று இம்முறையில் கண்டறிந்தது.

நாம் செய்தது என்ன? மண்டபம் முதல் தூத்துக்குடி வரை பவளப்பாறைகளைப் பெயர்த்துக் காளவாயில் இட்டோம். நாளொன்றுக்குச் சுமார் 250 கன மீட்டர் என்று 1970களில் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் கால்சியம் கார்பைடுக்கும் அது போயிற்று. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் நீரில் மூழ்கியதற்கு இவ்வகழ்வே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா வந்த பிறகும் வெட்டு நிற்கவில்லை. 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. 2005 வாக்கில்தான் அது ஓய்ந்தது. ஒரு மீட்டர் உயரப் பவளமென்றால் நூறாண்டுச் சரித்திரம். அது ஒரு காளவாய்ச் சூட்டில் வெள்ளைப் பொடியாயிற்று. பாறை சுமந்த கூலிக்காரரை நாங்கள் குறை சொல்லவில்லை. அவருக்கு அது அன்றைய சோறு. அந்தப் பல்லாண்டுகளில் கடலைப் பாடிக்கொண்டிருந்த படித்தவர்களைத்தான் கேட்கிறோம்.

போத்தனூரில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி உங்களுக்கென்ன பேச்சு என்று கேட்பீர்கள். எங்கள் கிணறுகளை நிரப்பும் ஐப்பசி மழை வங்கக்கடலிலிருந்து வருகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அரபிக்கடலின் ஈரத்தைக் கொணர்கிறது. கடலின் பழைய சூடு தெரியாமல் எங்கள் மழையின் பழைய கணக்கு விளங்காது. இன்னொன்றும் உண்டு. பக்கத்து மதுக்கரையின் சுண்ணாம்புக்கல்லும் ஆதியில் கடல் இட்ட படிவுதான். பூமியின் வெப்பமும் அழுத்தமும் அதைப் படிகமாக்கி, எழுத்தை அழித்துவிட்டன. மன்னாரின் ஏடுகளை அழித்ததற்குப் பூமியின் மேல் பழி போட முடியாது.

மிஞ்சியவையும் நலமாக இல்லை. 1998, 2010, 2016 ஆண்டுகளின் கடல் வெப்பத்தில் அங்குள்ள பவளங்கள் வெளுத்தன. ஆனால் இராமேசுவரம், பாம்பன் கரையில், ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுப் பழமையுடைய உயர்ந்த பவளத்திட்டு இன்னமும் நீருக்கு மேலே நிற்கிறது. அதைக் கல்வெட்டுக்கு ஒப்பான ஆவணமாகக் காக்க வேண்டும். கரையானுக்குப் போன ஓலைக்காகப் பக்கம் பக்கமாக எழுதிய நம் சிற்றிதழ்கள், காளவாய்க்குப் போன பவளத்துக்காக எத்தனைப் பக்கம் ஒதுக்கின? அந்தக் கணக்கைச் சொன்ன பிறகு கடல்கோளுக்காக அழலாம்.