‘அளவாக’ என்றால் எவ்வளவு?

எங்கள் தாய்மாரிடம் ஒரு கறியின் செய்முறையைக் கேட்டால் உப்பு அளவாக, புளி அளவாக, தண்ணீர் அளவாக என்பதே பெரும்பாலும் விடையாக வரும். அளவு என்றால் எவ்வளவு என்று திருப்பிக் கேட்டால், பார்த்துப் போட வேண்டியதுதான் என்பார்கள். அடுப்படியில் பக்கத்தில் நின்று பழகியவருக்கு அது போதும். ரொறன்ரோவிலோ லண்டனிலோ பிறந்து, விடுமுறைக்கு மட்டும் அம்மம்மாவைக் காணும் பேத்திக்கு அது போதாது.

கொண்டாட்டங்களுக்குரிய சிற்றுண்டிகளைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. றோல்ஸ், பற்றீஸ், கட்லட் மூன்றும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பிறந்தநாள் விழாக்களில் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆட்டிறைச்சி றோல்ஸ் ரொறன்ரோவில் தமிழர் அல்லாதோரும் தேடி வாங்கும் பண்டமாகிவிட்டது. உள்ளே வைக்கும் கறி ஈரமின்றி வரண்டிருக்க வேண்டும், இல்லையேல் எண்ணெயில் வெடித்துவிடும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். வாங்குவோர் இருக்கும்வரை கடை அதைக் காப்பாற்றும்.

ஆனால் வீட்டுச் சாப்பாட்டை வீடுதான் காப்பாற்ற வேண்டும். இதற்கு யாழ்ப்பாணத்து ஒடியற்கூழைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. அது ஒருவருக்கென்று காய்ச்சும் உணவல்ல. ஒரு பெரிய பானையைச் சுற்றிக் குடும்பமே கூடியிருந்து, பலா இலையைக் கோலிக் குடிப்பது.

அதன் செய்முறையில் ‘அளவாக’ என்ற சொல்லுக்குள் மறைந்து கிடப்பவை பல. பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் பிளந்து காயவைத்தால் ஒடியல். கூழுக்கு வேண்டியது ஒடியல் மா. அதை நீரில் ஊறவிட்டு, மா அடியில் படிந்ததும் மேல்நீரை ஊற்றிவிட்டுப் புதுநீர் விடவேண்டும். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால்தான் கசப்பு நீங்கும். பொதி செய்து வெளிநாட்டுக் கடைகளில் விற்கும் மாவை வாங்கி நேரே பானையில் கொட்டுபவர், முதல் வாயிலேயே கூழை வெறுத்துவிடுவார்.

ஆறு பேருக்கு 250 கிராம் ஒடியல் மா, ஏறத்தாழ 3 லீற்றர் தண்ணீர், மீன்தலை, நண்டு, இறால் எல்லாமாக ஒரு கிலோ, 15 செத்தல் மிளகாய், 50 கிராம் பழப்புளி என்று தொடங்கலாம். ஒரு பிடி சிவப்பரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றை முதலில் வேகவிட வேண்டும். மரவள்ளி சேர்வதால் பானையை மூடக்கூடாது. பின்னர் மீனும் நண்டும், அதன்பின் இறாலும் அரைத்த மிளகாயும். புளியை முன்னரே விட்டால் அரிசியும் கொட்டையும் வேக மறுக்கும். ஆகவே அவை வெந்தபின்பே புளிக்கரைசல். மா முந்தினால் தடித்து அடிப்பிடிக்கும். ஆகவே அது கடைசியில். முருங்கை இலையைத் தூவி இறக்கலாம்.

இந்த ‘ஆகவே’க்கள்தான் முக்கியம். இன்று யூரியூப்பில் கூழ் காய்ச்சும் காட்சிகளுக்குக் குறைவில்லை. அவற்றுட் பல எதை, எப்போது போடுவது என்று காட்டுகின்றன. ஏன் என்று சொல்வதில்லை. காரணம் தெரிந்தவரே கணவாய் கிடைக்காத ஊரிலும், மின்னடுப்பிலும் கூழைத் தமக்கேற்ப மாற்றிக் காய்ச்ச முடியும்.

கைப்பக்குவத்தைத் தாளில் எழுத முடியாது என்று சிலர் வாதிடுவர். உண்மைதான். ஆனால் எழுதிய அளவு ஒருவரது கையைக் கட்டிப்போடுவதில்லை. முதன்முறை காய்ச்சுபவர் தோற்றுப்போகாமல் காக்கிறது. இரண்டாம் முறை காய்ச்சினால்தான் கைப்பக்குவமே பிறக்கும்.

1995 இல் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது ஒரு பையுடன் நடந்தவர்களும் இந்தச் செய்முறைகளைத் தம்மோடு கொண்டு வந்தார்கள். அவை அவர்களது நினைவில் இருந்தன. அன்று அடுப்படியை ஆண்டவர்களில் பலர் இன்று முதுமையில் இருக்கிறார்கள், நினைவும் தளரும். எனவே, வீட்டில் மூத்தவர் இருப்பின் இந்த வாரமே ஒரு தராசையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நில்லுங்கள். அவர் கையால் அள்ளும் உப்பைப் பானையில் விழுமுன் நிறுத்துப் பாருங்கள். ஏன் என்று கேளுங்கள். எழுதி வையுங்கள்.