யார் தலைக்குத் தண்ணீர்?

புதுச்சேரியை அடுத்து அபிஷேகப்பாக்கம் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. ஆனால் அது கல்லின் தலையில் ஊற்றுகிற தண்ணீர்! மனிதன் தண்ணீர் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு பம்பாய் மாகாணத்து மகத் நகரமே சாட்சி. குளம் எல்லோருக்கும் பொது என்று நகரசபை தீர்மானம் போட்டிருந்தும், 1927 மார்ச்சு 20-ந் தேதி டாக்டர் அம்பேத்கரும் அவருடன் சென்றவர்களும் சவுதார் குளத்து நீரை அருந்தியதும் அது "தீட்டாய்" விட்டதாம்! சாணமும் மூத்திரமும் கலந்த பஞ்சகவ்யத்தைக் குடங்குடமாய் ஊற்றிச் "சுத்தி" செய்தார்கள். சாணியால் சுத்தமாகும் தண்ணீர் மனிதன் கைபட்டால் அசுத்தமாகும் என்பது எந்த ஊர் புத்தி என்று கேட்கிறோம்.

நிற்க, ஒழுங்காய்க் கட்டப்பட்ட பொது நீச்சல் குளத்தின் அமைப்பைப் பாருங்கள். இறங்குமுன் யாராயினும் குழாயடியில் குளித்தாக வேண்டும். தரை ஆழமில்லாமல் தொடங்கிச் சரிந்து செல்லும். ஆழம் எத்தனை அடி என்று கரையில் எழுதியிருக்கும். தண்ணீரை இயந்திரம் இழுத்து மணலில் வடிகட்டித் திருப்பி விடும். குளோரின் கிருமியைக் கொல்லும். இதில் மந்திரத்துக்கு வேலை ஏது? அழுக்கு உடம்பில் இருக்கிறதேயொழிய பிறப்பில் இல்லை என்பதைச் செங்கல்லும் சிமெண்டுமே சொல்லுகின்றன.

ஆனால் மதில் உள்ள இடத்தில் வாசலும் உண்டு. ஆஸ்திரேலியாவில் மோரி என்ற ஊரின் குளத்தில் ஆதிக்குடிகள் இறங்கக் கூடாதென்று 1955-ல் நகரசபையே விதி செய்தது. 1965-ல் சார்லஸ் பெர்க்கின்ஸ் என்ற ஆதிக்குடி இளைஞர், மாணவர்களோடு அந்தக் குலத்துக் குழந்தைகளை அழைத்துப் போய் வாசலில் நின்று போராட வேண்டியிருந்தது. ஆகவே குளம் கட்டினால் போதாது. வாசலும் திறந்திருக்க வேண்டும்.

பொதுப் பணத்தில் நடக்கும் கிணறு, குளம், படித்துறைகளில் ஜாதியின் பேரால் எவரையும் தடுக்கக் கூடாதென்று 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது விதி கூறுகிறது. சரி, நீந்தக் கற்க இடம் எங்கே? 2021-ல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. இதைத் தலைவிதி என்று சொல்லி, ஏரிக்கரையில் நின்று மாரடித்துக் கொள்வதுதான் மனிதத் தன்மையா?

ஆதலால் அபிஷேகப்பாக்கம், வில்லியனூர், பாகூர் பக்கத்துத் தோழர்கள் தத்தம் கொம்யூன் பஞ்சாயத்தை ஒரு பொதுக் குளம் கேட்கட்டும். ஆணும் பெண்ணும், எந்தத் தெருப் பிள்ளையும் கற்கும் குளமாய்க் கேட்கட்டும். கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கேட்டு வருகிற கனவான்களிடமும் இதையே சொல்லட்டும். கல்லைக் குளிப்பாட்டியது போதும். இனி நம் பிள்ளைகள் நீந்தட்டும்.