மாப்பிள்ளை வீட்டார் கவனத்துக்கு!

மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமைச் சந்தையில் ஆடு வாங்குகிறவர், வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். அதோடு சரி. ஆட்டின் பாட்டிக்கு என்ன சீக்கு என்று கேட்கமாட்டார். பெண் பார்க்க வருகிறவர்கள் அவரை மிஞ்சிவிட்டார்கள் ஸார். ஸ்கேன் ரிப்போர்ட் கேட்கிறார்கள்!

எனக்குத் தெரிந்த வீட்டில் நிச்சயம் வரை போன சம்பந்தம் 'நீர்க்கட்டி'யில் நின்றுபோனது. பெண்ணின் அண்ணன் பஜார் டீக்கடையில் பொருமித் தீர்த்தான். "பரம்பரை வியாதியாம்லா மாப்ளே. எங்க உம்மா வழியில வந்ததாம். பொறக்கப்போற பிள்ளைக்கும் வந்துரும்னு அந்த வீட்டு மாமி சொல்லிட்டாங்க."

மாமி சொன்னது பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயம்.

முதலில், அது கட்டியே இல்லை. சினைப்பையில் முழுசாக வளராமல் நின்றுபோன முட்டைப் பைகள். ஸ்கேனில் முத்து கோத்த மாதிரி தெரியும். கூடவே மாதவிலக்கு தள்ளிப்போகும், ஆண் ஹார்மோன் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். 1935-ல் சிகாகோ டாக்டர்கள் ஸ்டெயினும் லெவந்தாலும் ஏழு பெண்களை வைத்து இதைப் பற்றி எழுதினார்கள். இன்றைக்கு ஏறக்குறைய பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருக்கிறது.

பரம்பரையா? ஆமாம். 2006-ல் ஹாலந்தில் இரட்டைச் சகோதரிகளை ஆராய்ந்து, மரபணுவின் பங்கு சுமார் 70 சதவீதம் என்றார்கள். உடனே 'மகளுக்கு 70 சதவீதம் நிச்சயம்' என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு பெண்ணுக்கு வருகிறது, இன்னொரு பெண்ணுக்கு வரவில்லை அல்லவா? அந்த வித்தியாசத்தில் மரபணுவின் பங்குதான் இந்த 70.

2011-ல் சீனப் பெண்களிடம் 2-வது, 9-வது குரோமோசோம்களில் மூன்று இடங்களைக் கண்டுபிடித்தார்கள். 2018-ல் பத்தாயிரம் நோயாளிகளுக்கு மேல் பார்த்ததில் 14 இடங்கள். ஒவ்வொன்றும் சில்லறைக் காசு. தனியாக எதுவும் நோட்டு இல்லை.

இப்போது கவனியுங்கள். 2-ம் 9-ம் ஆணுக்கும் உண்டு. ஆகவே வாப்பா வழியிலும் இது வரும். ஆணுக்குச் சினைப்பை கிடையாது என்பதால் ஸ்கேனில் மாட்டாமல் தப்பிக்கிறான், அவ்வளவுதான். பிரிட்டனில் ஆண்களின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, இந்தச் சில்லறை அதிகம் சேர்ந்தவர்களிடம் தொந்தி, சர்க்கரை, வழுக்கை எல்லாம் கூடுதலாக இருந்தது.

மேற்படி மாப்பிள்ளைக்கு முப்பதுக்குள் முன்மண்டை காலி. அவர் தகப்பனாருக்குச் சர்க்கரை. அதற்காக அவரைக் குற்றம் சொல்லவில்லை. வழுக்கைக்கு ஆயிரம் காரணம். ஆனால் அவரிடம் ஒருத்தரும் ரிப்போர்ட் கேட்கவில்லையே!

நான் பி.காம். என் பாஷையில் சொன்னால், மரபணு என்பது ஜாயிண்ட் அக்கவுண்ட். அப்பா அம்மா இரண்டு பேரும் பணம் போட்டது. அதுவும் வெறும் ஓப்பனிங் பேலன்ஸ்தான். க்ளோஸிங் பேலன்ஸ் நம் வரவு செலவைப் பொறுத்தது. உடம்பு பருத்தவர்கள் எடையில் 5 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகிறது. குழந்தைக்கு லெட்ரோசோல் மாதிரி மாத்திரைகள் இருக்கின்றன. சிகிச்சை எடுத்துப் பெற்றுக்கொண்டவர்கள் ஏராளம்.

அந்தத் தங்கைக்கு வேறு இடம் பார்க்கிறார்கள். நல்லபடி முடியட்டும்.

தம்பிகளே, பெண் வீட்டில் ஸ்கேன் கேட்கத் தோன்றினால், ஒரு நிமிஷம். சுகர் டெஸ்ட் எடுத்தாச்சா? உங்கள் சீப்பைப் பார்த்தீர்களா?