மருந்தைத் தடுத்தார்கள், உண்டவரைத் தேடவில்லை

சீனத் தேசிய மருந்துப் பொருள் நிர்வாகம் 2023 பிப்ரவரியில் வெளியிட்ட சீன மருந்துப் பதிவுச் சிறப்பு விதிகளின் 75ஆம் பிரிவு கெடு தேதிக்கு வந்து நிற்கிறது. விதிகள் நடைமுறைக்கு வந்த நாள் 2023 ஜூலை 1. அன்றிலிருந்து மூன்று ஆண்டு கழித்து மறுபதிவுக்கு வரும் தயாரிப்பின் குறிப்புத்தாளில், யார் உண்ணக் கூடாது, என்ன எதிர்விளைவு, என்ன எச்சரிக்கை என்ற மூன்று இடங்களில் ஒன்றிலேனும் ‘இன்னும் தெளிவாகவில்லை’ என்று இருந்தால் மறுபதிவு கிடையாது. இந்த விதியைப் பற்றி நம் இதழ் என்ன நினைக்கிறது என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். விதியை வரவேற்கிறோம். அது நிறைவேறப்போகும் வழியை ஏற்க மாட்டோம்.

வரவேற்பில் தயக்கம் இல்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கக்கூடிய பெட்டிகளில்கூட அந்த ஒரே தொடர் மூன்று முறை அச்சாகி வந்தது. உண்பவருக்கு அது ‘ஒன்றும் ஆகாது’ என்றே பட்டது. இந்த வழக்கத்துக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. விதி அதைச் செய்திருக்கிறது.

ஆனால் காலியான அந்த இடத்தை நிறுவனங்கள் எதைக் கொண்டு நிரப்பும்? தாமாக வந்துசேரும் எதிர்விளைவு அறிக்கைகளையும் பழைய கட்டுரைகளையும் கொண்டுதான். அவற்றில் கிடைப்பவை குமட்டல், வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு. மாத்திரை விழுங்கிய மறுநாள் தெரிவது அறிக்கையாகும். பத்து ஆண்டு கழித்துத் தெரிவது ஆகாது. அரிஸ்டோலோக்கியா பேரினச் செடிகளால் உண்டாகும் அரிஸ்டோலோக்கிக் அமில நெஃப்ரோபதி எப்படி வரும் என்பதைச் சிறுநீரக மருத்துவர்களான இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிறுநீர்ப் படிவில் பெரிதாக ஒன்றும் இராது, புரத இழப்பு சொற்பம், இரத்த அழுத்தம் பெரும்பாலும் மிதம். சர்க்கரை இயல்பாக இருக்கும்போதே சிறுநீரில் குளுக்கோஸ், ஜி.எஃப்.ஆர் இறக்கத்துக்குப் பொருந்தாத அளவு இரத்தசோகை, ஸ்கேனில் சுருங்கிய சிறுநீரகங்கள். நோயாளி நம்மிடம் வரும்போது, மருந்து கொடுத்தவர் அவரை மறந்து வெகுநாள் ஆகியிருக்கும். கண் சிவப்புக்கும் மூட்டு வலிக்கும் கொடுத்தவர் ஒருவர், டயாலிசிஸுக்கு நாள் குறிப்பவர் இன்னொருவர். இருவருக்கும் நடுவில் அறிக்கைப் படிவத்தை நிரப்ப யாரும் இல்லை.

வரலாறும் இதையே சொல்கிறது. இந்த அமிலம் கொண்ட குவான் மூ தோங் மூலிகையைப் பெருமளவில் குடித்த இருவருக்குத் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு வந்ததை ஜியாங்சு மாகாணத்துச் சீன மருத்துவ இதழில் வூ என்ற மருத்துவர் 1964இலேயே எழுதினார். கண்ணெதிரே நடந்த கேடு என்பதால் அது பதிவாயிற்று. அதே அமிலம் சிறிய அளவில் மாதக்கணக்கில் செய்யும் வேலையைப் பார்க்க உலகம் பிரஸ்ஸல்ஸ் வரை போக வேண்டியிருந்தது. அங்கே உடல் எடை குறைப்பு மருத்துவமனை ஒன்று 1990இல் மருந்துக் கலவையில் சீன மூலிகைகளைச் சேர்த்தது. ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா இருக்க வேண்டிய இடத்தில் அரிஸ்டோலோக்கியா ஃபாங்ச்சி வந்து சேர்ந்தது. 1992இல் சிறுநீரகம் கெட்டு வந்த முதல் இரண்டு பெண்கள். 1993இல் வான்ஹெர்வெகெம் குழுவின் லான்செட் கட்டுரை. பிறகு நூறைத் தாண்டிய நோயாளிகள். உண்மை அங்கே வெளிப்பட்டதற்குக் காரணம், எல்லாரும் ஒரே மருத்துவமனைக்குப் போனவர்கள், இளம் பெண்கள், சிறுநீரகம் கெட வேறு காரணமே இல்லாதவர்கள். இத்தனையும் ஒன்றுகூடி அமைந்தது தற்செயல். ஒரு நாட்டின் மருந்துப் பாதுகாப்பைத் தற்செயலிடம் ஒப்படைக்க முடியாது.

அதே 2023 விதிகள் ‘மனிதப் பயன்பாட்டு அனுபவம்’ என்பதை, சீன மருத்துவக் கோட்பாட்டுக்கும் மருத்துவச் சோதனைக்கும் இணையாக நிற்கும் சான்றாக ஏற்கின்றன. பயன் இருக்கிறதா என்று அறிய அது ஓரளவுக்கு உதவலாம். சிறுநீரகத்தின் மெதுவான கேட்டை அறிய அது துளியும் உதவாது. குவான் மூ தோங்கும் அதே அமிலம் கொண்ட மா தோ லிங்கும் தலைமுறை தலைமுறையாக மனிதர் உண்டவைதாம். அனுபவத்தைக் கேட்டிருந்தால் இரண்டும் தடையின்றித் தேறியிருக்கும். இதற்கு மேல், 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சீன மருத்துவச் சட்டம், தொன்மையான செவ்வியல் கலவைகளுக்கு மனிதச் சோதனையிலிருந்து விலக்குக்கு வழி திறந்தது. 2018இல் நூறு கலவைகளின் பட்டியலும் வந்தது. சோதனையும் வேண்டாம், ‘தெளிவாகவில்லை’ என்றும் எழுதக் கூடாது என்றால், குறிப்புத்தாளில் ஏறப்போகும் தெளிவு எங்கிருந்து வரும்?

மூலிகை ஆய்வு என்றாலே நமக்கு ஒவ்வாமை என்று யாரும் எண்ண வேண்டாம். மெம்பரனஸ் நெஃப்ரோபதியில் ஷென்சி துகள்களை பிரெட்னிசோன், சைக்ளோபாஸ்ஃபமைடு சேர்க்கையோடு ஒப்பிட்டு 190 நோயாளிகளிடம் 48 வாரம் நடந்த சோதனை 2013இல் அமெரிக்கச் சிறுநீரக இதழில் வந்தபோது, அதை மதிப்போடு படித்தவர்கள் நாம். அங்கே கிரியேட்டினினும் இ.ஜி.எஃப்.ஆரும் முறையாக அளக்கப்பட்டன. காரணம் எளிது: சிறுநீரகம்தான் அங்கே நோயாளி. அதே மூலிகைகள் இருமலுக்கும் தூக்கமின்மைக்கும் மாதவிடாய் வலிக்கும் போகும்போது சிறுநீரகத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எமக்கு வரும் கட்டுரைகளில் ‘சிறுநீரகச் செயல்பாடு இயல்பு’ என்ற ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடுகிறது. எத்தனை பேரிடம், எந்த வாரத்தில், எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்டு எழுதினால் பாதிப் பேரிடமிருந்து பதில் வருவதில்லை.

ஆகவே 75ஆம் பிரிவோடு இன்னொரு வரியையும் கட்டாயமாக்க வேண்டும். எத்தனை பேரை, எத்தனை மாதம் பின்தொடர்ந்து, எத்தனை பேருக்குக் கிரியேட்டினினும் சிறுநீரில் பீட்டா-2 மைக்ரோகுளோபுலினும் அளந்த பிறகு இந்தக் குறிப்பு எழுதப்பட்டது என்பதே அந்த வரி. அளக்கவில்லை என்றால் ‘அளக்கவில்லை’ என்று அச்சிடட்டும். ஆறு வாரச் சோதனையை ஆண்டுக்கணக்கான பாதுகாப்பாகக் காட்டும் துணிவு அப்போது யாருக்கும் வராது.

குறிப்புத்தாள் இனி உண்ணப் போகிறவருக்கு. ஏற்கெனவே உண்டவர்களைப் பற்றி இந்த விதிகளும் பேசவில்லை, இதற்கு முந்தியவையும் பேசவில்லை. இந்தப் பக்கத்தில் இதை நாம் எழுதுவது முதல் முறை அன்று; எழுதுவதை நிறுத்தப் போவதும் இல்லை.

2003இல் குவான் மூ தோங்கின் தரக்குறிப்பு ரத்தானது. லோங் தான் ஷியெ கான் வான் மாத்திரையில் அதற்குப் பதில் அகெபியா தண்டைச் சேர்க்க ஆணை வந்தது. 2004இல் குவாங் ஃபாங் ஜி, அதாவது பிரஸ்ஸல்ஸில் கேடு செய்த அரிஸ்டோலோக்கியா ஃபாங்ச்சி, நீக்கப்பட்டது. 2017இல் அரிஸ்டோலோக்கியா பேரினத்துச் சரக்கு கொண்ட 47 தயாரிப்புகளின் பட்டியல் வெளியானது. மா தோ லிங் மருந்து நூலிலிருந்து வெளியேற 2020ஆம் ஆண்டுப் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வளவுக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அரிஸ்டோலோக்கியா கொண்ட மூலிகை மருந்துகளை முதல் தொகுதியில், மனிதரில் புற்று உண்டாக்குபவை என்று, 2002இலேயே வைத்துவிட்டது. ஒவ்வொரு ஆணையும் சரக்கைப் பற்றியது, சேர்மானத்தைப் பற்றியது, தரக்குறிப்பைப் பற்றியது. 2003க்கு முன் ‘உடல் சூட்டுக்கு’ என்று அந்த மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உண்ட ஆணும் பெண்ணும் எந்த ஆணையிலும் இல்லை.

மருந்தை நிறுத்தியதும் ஆபத்து நின்றுவிடும் என்றால் இதைப் பொறுக்கலாம். நிற்பதில்லை என்று நமக்கு எப்போதோ தெரியும். பிரஸ்ஸல்ஸ் நோயாளிகளில், செயலிழந்த சிறுநீரகங்களையும் யூரிட்டர்களையும் முன்கூட்டியே அகற்றிக்கொள்ள இசைந்த 39 பேரில் 18 பேருக்கு யூரோதீலியல் புற்று இருந்ததை நோர்ட்டியே குழு 2000இல் எழுதியது. மொத்தம் 200 கிராமுக்கு மேல் அந்த வேரை உண்டவரிடம் ஆபத்து கூடியிருந்தது. சிறுநீரகத் திசுவில் அரிஸ்டோலாக்டம் டிஎன்ஏ அடக்ட்டுகள் பல ஆண்டு கழித்தும் அப்படியே கிடக்கின்றன. அந்தப் பெண்களுக்குப் புற்று முற்றும் முன் கத்தி எட்டியது என்றால், அவர்களின் பெயர்ப் பட்டியல் மருத்துவர்களின் கையில் இருந்ததுதான் காரணம்.

தைவானைப் பாருங்கள். அங்கும் பெருந்தவறு நடந்தது. 1997 முதல் 2003 வரை மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த அமிலம் கலந்த மருந்து எழுதப்பட்டது. ஆனால் தேசியக் காப்பீட்டில் ஒவ்வொரு சீட்டும் பதிவானது. 2003 நவம்பரில் தடை வந்த பின், யார் எவ்வளவு உண்டார் என்று கூட்டிப் பார்த்து, மூ தோங் 60 கிராமைத் தாண்டியவர்களிடம் சிறுநீர்ப்பாதைப் புற்றின் ஆபத்து ஏறியதைக் காட்ட முடிந்தது. தடைக்குப் பின் சில ஆண்டுகளில் அந்தப் புற்று குறையத் தொடங்கியதையும் காட்ட முடிந்தது.

சீனப் பெருநிலத்தில் அப்படி ஒரு சீட்டுப் பதிவு இல்லாததால் தேட வழியில்லை என்று இனியும் சொல்ல முடியாது. உண்டதற்கான சாட்சி கட்டியிலேயே இருக்கிறது. கட்டியின் டிஎன்ஏவில் A:T→T:A மாற்றங்கள் குவிந்த அந்தத் தடம் தைவான் நோயாளிகளிடம் 2012இலும், முழு எக்ஸோம் அளவில் 2013இலும் காட்டப்பட்டது. தைவானின் 98 கல்லீரல் புற்றுக் கட்டிகளில் 78 விழுக்காட்டில் அது இருந்தது 2017இல் தெரிந்தது. நோயாளிக்கு நினைவில்லாத மருந்தை அவரது கட்டி நினைவில் வைத்திருக்கிறது. சீனாவில் 2010 முதல் தேசிய டயாலிசிஸ் பதிவேடு இருக்கிறது. காரணம் தெரியாத இன்டர்ஸ்டீஷியல் நெஃப்ரைட்டிஸ் என்று பதிவாகும் ஒவ்வொருவரிடமும் மருந்து வரலாறு கேட்டு, ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீர் செல் பரிசோதனையும் மேல்பாதை ஸ்கேனும் செய்ய ஒரே ஒரு சுற்றறிக்கை போதும். பாரம்பரிய மருந்தை உலகச் சந்தைக்குக் கொண்டுபோக விதிமேல் விதி எழுதத் தெரிந்த நிர்வாகத்துக்கு, இருபது ஆண்டுக்கு மேலாக இந்த ஒரு சுற்றறிக்கையை எழுத நேரம் கிடைக்கவில்லை. அந்நாட்டில் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் ஏறத்தாழ 12 கோடிப் பேர் என்று அதன் சொந்த ஆய்வாளர்களே 2012இல் லான்செட்டில் எழுதினார்கள். அவர்களில் எத்தனை பேர் இந்த மாத்திரைகளால் அந்த நிலைக்கு வந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க மறுப்பது ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள் செய்யும் அநீதி. இதைவிட மென்மையான சொல் எம்மிடம் இல்லை.

நம் பக்கமும் நிலைமை வேறில்லை. ஈசுவரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அரிஸ்டோலோக்கியா பேரினமே. பண்டை நூல்களில் சொன்னபடி செய்யும் மருந்துகளுக்குத் தனிப் பாதுகாப்பு ஆய்வு பொதுவாகத் தேவையில்லை என்றுதான் இந்தியாவின் 158பி விதியும் சொல்கிறது. இடைத்திசு இழைமம் மிகுந்து செல்கள் குறைந்த பயாப்சி கைக்கு வரும்போது, ‘நாட்டு மருந்து ஏதும் சாப்பிட்டீர்களா’ என்று ஒருமுறை கேட்டு ‘இல்லை’ என்றதும் விட்டுவிட வேண்டாம். பாம்புக்கடிக்கு, வயிற்றுப் பூச்சிக்கு, பிரசவத்துக்குப் பின் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கேட்டதையும் கிடைத்த பதிலையும் கோப்பில் எழுதுங்கள்.

அடுத்த இதழிலிருந்து மூலிகை மருந்துச் சோதனை பற்றிய கட்டுரைகளுக்கு எமது நிபந்தனை மாறுகிறது. எந்த நோய்க்கான மருந்தாக இருந்தாலும், தொடக்கத்திலும் முடிவிலும் கிரியேட்டினின் மதிப்பு, அளந்தவர் எண்ணிக்கை, செடியின் முழுத் தாவரவியல் பெயர், அரிஸ்டோலோக்கிக் அமிலச் சோதனை முடிவு, மருந்து நின்ற பின் பின்தொடர்ந்த மாதங்கள் ஆகியவை இல்லாத கட்டுரை மதிப்பீட்டாளருக்கு அனுப்பப்படாது. அமிலம் கலந்த மருந்தை முன்பு உண்டவர்களைத் தேடிக் கண்டறிந்த சிறு தொடராய்வு எதுவானாலும், மூன்றே நோயாளிகள் என்றாலும், பக்க வரம்பின்றி வெளியிடுவோம்.