தோலோடு போகும் நார்

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் ஆப்பிள் வாங்கிப் போவார்கள். கட்டிலருகே உட்கார்ந்து, தோலைச் சுருள் சுருளாகச் சீவி, துண்டு போட்டு நீட்டுவார்கள். அதில் அன்பு இருக்கிறது, சத்துதான் குறைகிறது. தோலுடன் 100 கிராம் ஆப்பிளில் 2.4 கிராம் நார்ச்சத்து உண்டு. தோல் சீவிய 100 கிராமில் 1.3 கிராம்தான்.

வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. காலையில் இட்லி, மதியம் பாலிஷ் போட்ட வெள்ளை அரிசிச் சோறு, இரவில் தோசை என்று ஓடும் வீட்டில் அந்த அளவு எளிதில் சேராது. பழத்திலாவது கொஞ்சம் வரும் என்றால், அதையும் சீவி, பிழிந்து, வடிகட்டிவிடுகிறார்கள். வடிகட்டிய சாத்துக்குடி ஜூஸில் நார் அநேகமாக இல்லை.

பழத்தோலில் மிகுந்திருப்பது கரையாத நார். அது குடலில் நீரைப் பிடித்து, மலத்துக்குப் பருமன் கொடுத்து, சிக்கலில்லாமல் வெளியேற்றுகிறது. மலச்சிக்கலுக்காகக் கடையில் வாங்கும் இசப்கோலும் ஒரு விதையின் உமிதான். அதை வாங்கி வைத்திருக்கும் வீட்டிலேயே கொய்யாவின் தோலைச் சீவித் தள்ளுவது வருத்தமான காட்சி.

தமிழ்ச் சமையலுக்குத் தோல் புதிதல்ல. மாவடு, நார்த்தங்காய், எலுமிச்சை ஊறுகாய் எல்லாமே தோலோடு போடுபவை. ஆனால், ஊறுகாயில் உப்பு அதிகம், தொட்டுக்கொள்ளத்தான் முடியும். அதைவிட ஆரஞ்சுத் தோல் துவையல் மேல். புளியும் வெல்லமும் சேர்த்தால் கசப்பு அடங்கிவிடும். 100 கிராம் ஆரஞ்சுத் தோலில் 10 கிராமுக்கு மேல் நார்ச்சத்து இருக்கிறது. சுளையில் இருப்பதைப்போல நான்கு மடங்கு.

எல்லாத் தோலையும் தின்ன வேண்டியதில்லை. மாம்பழத் தோல் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். குடல் அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் மருத்துவர் சொல்கிறபடி நடப்பதே சரி.

மக்கள் தோலுக்குப் பயப்படக் காரணம் பூச்சிமருந்து. அந்தப் பயம் நியாயமானது. பூச்சிமருந்து எச்சம் தோலில்தான் அதிகம் தங்கும். 2017இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிளில் இரண்டு மருந்துகளைத் தடவிப் பார்த்தார்கள். சமையல் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது மேற்பரப்பில் இருந்த எச்சம் பெருமளவு போய்விட்டது. ஆனால், தோலுக்குள் இறங்கிய மருந்து முழுவதும் போகவில்லை. கழுவினாலே எல்லா நஞ்சும் நீங்கிவிடும் என்று நம்புவதற்கில்லை.

ஆகவே, பொறுப்பு வாங்குகிறவர் தலையில் மட்டும் விழக் கூடாது. மாம்பழ சீசனில், காயைப் பழுக்கவைக்கும் கார்பைடு கல்லைத் தேடிச் சென்னை கோயம்பேடு சந்தையில் சோதனை நடத்தும் உணவுப் பாதுகாப்புத் துறை, கொய்யா, திராட்சை, ஆப்பிள் ஆகியவற்றின் மருந்து எச்சத்தையும் ஆண்டு முழுவதும் பரிசோதிக்க வேண்டும். முடிவுகளை மாதந்தோறும் சந்தை வாசலிலேயே தமிழில் எழுதி வைக்க வேண்டும்.